வண்டியின் நெற்றியில் யார் பெயர்

வேண்டாம் என்று சொன்னால் அவன் முகம் எப்படி ஆகும்?

சின்னதில் கையிலிருந்த மிட்டாய் மண்ணில் விழுந்தால் ஒரு முகம் வைப்பான். அழமாட்டான். விழுந்ததையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த முகம்தான் வரும். சரி என்று சொல்லிவிட்டால்? ஐந்து எழுத்துதானே, ஒட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் அதன் பிறகு அந்த வண்டியில் ஏறும்போதெல்லாம் நான் யாருடைய வண்டியில் ஏறுகிறேன்?

இட்லித் துணியை நனைத்துப் பிழிந்தபடி மதலேனம்மாள் இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தாள். இட்லி வேகும் நேரத்துக்குள் தீர்கிற கேள்வியாக அது இல்லை.

அடுப்படி ஜன்னல் வழியே வண்டி தெரிந்தது. அரியலூரில் அந்தத் தெருவுக்கே அது பத்து நாள் அதிசயம். யாரோ ஒரு கம்பெனியின் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பழைய வேன். அதை வாங்கி, பெரம்பலூரில் ஒரு பட்டறையில் விட்டு, சீட்டுகளைக் கழற்றச் சொன்னாள். இரண்டு பக்கமும் ரயிலில் இருப்பதுபோல் ஒடுக்கமாக ஒவ்வொரு கட்டில். நடுவில் மடக்குப் பலகை. பின்னால் ஒற்றை அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம். கூரையில் சோலார் தகடு. பழைய சேலைகளைக் கிழித்து ஜன்னல்களுக்குத் திரை தைத்தது அவளேதான். அறுபத்து மூன்று வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்ததும், வண்டியைத் தெருவுக்குள் ஓட்டிவந்து ஒரே திருப்பில் நிறுத்தியதும் அவளேதான்.

அன்று எதிர்வீட்டு புஷ்பவல்லி வாசலுக்கு வந்து, "எந்த நடிகரு வந்து எறங்கியிருக்காரு மதலேனு?" என்று கேட்டாள். அதிலிருந்து தெருவில் அதற்குக் 'கேரவன்' என்று பெயர்.

பெயர். அங்கேதான் வந்து நின்றது விஷயம்.

வெள்ளிக்கிழமை ரெட்டிபாளையத்தில் ஷிப்ட் முடிந்து வந்த ஜான் பீட்டர், காலரிலிருந்த சிமென்ட் தூசியைக்கூடத் தட்டாமல் அவள் எதிரே உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கெழம அப்பாவுக்கு மொத வருசப் பூசைம்மா. ஏலாக்குறிச்சி மாதா கோயில்ல சொல்லிட்டேன். பூசை முடிஞ்சதும் அங்கயே வண்டியவும் மந்திரிச்சிடலாம். அதுக்கு முன்னாடி அப்பா பேர முன்கண்ணாடிக்கு மேல ஒட்டிடுவோம். 'அமிர்தம்'னு. கோயிலுக்கு எதுத்தாப்ல ஸ்டிக்கர் கடை இருக்கு. எழுத்து வெட்டச் சொல்லிட்டேன்."

அமிர்தசாமி வாத்தியாரை நெருங்கியவர்கள் அமிர்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். சொல்லிட்டேன் என்றுதான் மகன் சொன்னான். சொல்லட்டுமா என்று கேட்கவில்லை.

"பாப்போம்" என்றாள் மதலேனம்மாள்.

அந்த வீட்டில் அவள் பாப்போம் என்றதெல்லாம் இதுவரை சரி என்றுதான் முடிந்திருக்கிறது. அது அவனுக்கும் தெரியும்.

அலமாரி மேலிருந்த போன் அடித்தது. தமிழ்மாறன். வண்டிக்கு ஃபேனும் விளக்கும் வயர் இழுத்துக் கொடுத்தவன். பெரம்பலூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். அதற்கெல்லாம் முன்னால், அவளோடு வேலை பார்த்த பொன்னாயியின் மகன்.

"நர்சம்மா, வணக்கம். பேட்டரி சூடாவுதா?"

"இல்லப்பா, நல்லா இருக்கு. அம்மா என்ன சொல்லுது?"

"கெளம்பித்தான் இருக்கு. மூணு நாளா பையத் தெறந்து தெறந்து மூடுது. ஒரு சேலைய வெக்கறதும் எடுக்கறதும்." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு கேட்டுச் சொல்லச் சொல்லுச்சு. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"ராவுக்கு இங்க தங்குவீங்களா, இல்ல பொழுது சாஞ்சதும் கெளம்பிடுவீங்களான்னு கேக்குது."

மதலேனம்மாளின் கை அடுப்புத் திருகில் அப்படியே நின்றது.

ஒரு மாதமாகப் பேசிவைத்தது இது. இன்று சாயங்காலம் அவள் அரும்பாவூர்ப் பக்கம் போய்ப் பொன்னாயியின் வாசலில் வண்டியை நிறுத்துவாள். இரவு அங்கே. விடிந்ததும் இரண்டு பேரும் கிளம்புவார்கள். எங்கே என்பதுகூட இன்னும் முடிவாகவில்லை. வீட்டில் இதுவரை யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"மத்தியானம் கூப்பிடறேன்ப்பா" என்று போனை வைத்தாள்.

"யாரும்மா?" என்றான் ஜான் பீட்டர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அப்பாவின் பழைய வாட்சைக் கட்டியிருந்தான்.

"பேட்டரி எப்பிடி இருக்குன்னு கேட்டான்."

பொய் இல்லை. ஆனாலும் இட்லியை எடுக்கும்போது ஆவி கையில் அடித்தது.

* * *

"இன்னைக்கு நான் ஓட்டறேனே" என்றான் மகன், வண்டிக்கு அருகில் வந்து.

"நானே ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காரு."

மருமகள் ஆனி ரோஸும் பேத்தி சுபாவும் பின்னால் ஏறினார்கள். பதினொரு வயது சுபா இடப்பக்கக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்து, "இது என் கட்டிலு" என்று அறிவித்தாள். ஆனி ரோஸ் வலப்பக்கத்தில் உட்கார்ந்து, பூசைக்கு வாங்கிய மாலை நசுங்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

கீழப்பழுவூர் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எதிரே வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் ஜான் பீட்டரின் வலது கால் தரையை அழுத்தியது.

"அப்பா, அந்தப் பக்கம் பிரேக் இல்லப்பா" என்றாள் சுபா பின்னாலிருந்து.

"தெரியும் தெரியும். நீ படு."

"அப்பாயி நல்லாத்தானே ஓட்டுது. நீங்கதான் மொபெட்டோட போய்க் கொல்லையில விழுந்தீங்க."

மதலேனம்மாள் சிரித்தாள். மகனும் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே அவன் வாட்சைப் பார்த்தான். அப்பாவின் வாட்ச். அதைப் பார்த்ததும் அவனுக்குக் கதை வந்துவிட்டது.

"சுபா, உங்க தாத்தா இருக்காரே, மழையோ வெயிலோ, சாயங்காலம் ஏழரைக்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு. அப்பாயி பெரம்பலூர் பஸ்ஸுல வந்து எறங்கற வரைக்கும் உக்கார மாட்டாரு. பெஞ்சு காலியா கெடந்தாலும் நின்னுக்கிட்டேதான் இருப்பாரு. கையில கொடை. நானும் கூடப் போயி ஸ்கூட்டர் மேல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். டீக்கடைக்காரரு, 'வாத்தியாரு வந்துட்டாரு, மணி ஏழரை'ன்னு கடியாரத்தத் திருப்பி வெப்பாரு."

"அப்பாயி லேட்டா வந்தா?"

"நின்னுக்கிட்டே இருப்பாரு."

"திட்டுவாரா?"

"சேச்சே. ஒரு வார்த்த பேச மாட்டாரு."

ஆமாம். ஒரு வார்த்தை பேசமாட்டார். வாட்சைப் பார்ப்பார். அவ்வளவுதான். ஸ்கூட்டரில் வீடு வந்து சேரும்வரை பேசமாட்டார். சாப்பிடும்போது பேசமாட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "சீக்கிரம் வந்துடு" என்பார். அதுதான் முதல் வார்த்தையாக இருக்கும்.

"பதினேழு வருசம் நின்னாரு சுபா. ஒருத்தருக்காக ஒருத்தரு அப்படி நிக்க முடியுமா இந்தக் காலத்துல?" ஜான் பீட்டரின் குரல் கனத்தது. அம்மா பக்கம் திரும்பினான். "அவரு நின்ன நிப்புக்கு, இந்த வண்டியில அவரு பேரு இருக்க வேண்டாமாம்மா?"

எதிரே ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு பாதி சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. மதலேனம்மாள் அதற்கு வழிவிடுவதில் கவனமாக இருந்தாள். அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவர் நின்றார். மழையில் நின்றார். அவள் கால் வீங்கிய நாட்களில் தைலம் தேய்த்துவிட்டதும் அவர்தான். ஊரில் அவரைப்போல் உண்டா என்று கேட்டார்கள். அவளும் தலையாட்டினாள்.

ஆனால் அந்த நிற்பின் மறுமுனையில் ஒரு கட்டில் இருந்தது. அது இவனுக்குத் தெரியாது.

அவள் வேலை பார்த்த துணை சுகாதார நிலையம் அரும்பாவூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருந்தது. முன்னறையில் எடை மிஷின், மாத்திரை, ஊசி. பின்னால், நர்ஸ் தங்குவதற்கென்றே ஓர் அறை. ஓர் இரும்புக் கட்டில், ஒரு அடுப்பு மேடை. நர்ஸ் அங்கேதான் தங்க வேண்டும். அந்த அறையின் சாவி பதினேழு வருஷம் அவள் கைப்பையில் கிடந்தது. ஓர் இரவுகூட அவள் அதில் படுத்ததில்லை. கட்டிலில் ரெஜிஸ்டர்கள்தான் படுத்திருந்தன.

பெருக்கித் துடைக்க வரும் பொன்னாயி, தினமும் அந்த ரெஜிஸ்டர்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலைத் துடைப்பாள். பிறகு திரும்ப அடுக்குவாள். "இன்னைக்காவது படுப்பீங்களா நர்சம்மா?" என்று கேட்டுச் சிரிப்பாள். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு.

பதினைந்து வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி. பொன்னாயியின் மகள் சுமதிக்குத் தலைப்பிரசவம். மூன்று மணிக்கு வலி என்று வந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. வேறு கேஸுக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். முதல் பிரசவம், இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் மதலேனம்மாளுக்குப் பட்டது. உண்மையிலேயே அப்படிப் பட்டதா, ஐந்து நாற்பது பஸ்ஸுக்காக அப்படிப் பட்டதா என்பதை அவளால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

சீட்டு எழுதிக் கொடுத்தாள். வண்டி வந்ததும் ஏற்றிவிடு என்று பொன்னாயியிடம் சொன்னாள். பஸ் ஏறினாள்.

ஆறரைக்கு, ஆம்புலன்ஸுக்கு முன்னால், குழந்தை வந்துவிட்டது. கழுத்தைச் சுற்றித் தொப்புள்கொடி. அதை விரலால் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிடத் தெரிந்த கை, அந்த நேரம் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்று அவள் இறங்கும்போது எட்டு ஐந்து. அவர் நின்றுகொண்டிருந்தார். வாட்சைப் பார்த்தார்.

குழந்தை தங்கவில்லை என்பது மறுநாள்தான் அவளுக்குத் தெரிந்தது. அவரிடம் சொன்னபோது, "நீ என்ன பண்ணுவ, டூட்டி நேரம் முடிஞ்சிடுச்சுல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவள் மெதுவாகக் கேட்டாள். "கேஸ் இருக்கற அன்னைக்கு மட்டும் அங்கயே தங்கிடட்டுங்களா?"

"அப்ப நான் எங்க போய் நிக்கறது?"

சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். உறவில் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள், வாத்தியாருக்குப் பெண்டாட்டி மேல் அவ்வளவு பிரியம் என்று. அன்று அவளும் சிரித்தாள். அவளுக்குத் தன்மேல் உள்ள கோபத்தில் பாதி அந்தச் சிரிப்பின் மேல்தான்.

சுமதிக்கு அப்புறம் இரண்டு பிள்ளைகள். திருப்பூரில் நன்றாக இருக்கிறாள். பொன்னாயி ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. பத்து நாள் கழித்து வந்து, வழக்கம்போல் பெருக்கினாள். ரெஜிஸ்டர்களை இறக்கினாள். கட்டிலைத் துடைத்தாள். திரும்ப அடுக்கினாள். இன்றைக்காவது படுப்பீர்களா என்று மட்டும் அதன் பிறகு அவள் கேட்டதே இல்லை.

இன்று காலை, தமிழ்மாறன் வாயால் பொன்னாயி அதைக் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, லெப்டு. ஏலாக்குறிச்சி ரோடு லெப்டும்மா."

"தெரியுதுப்பா" என்றாள் மதலேனம்மாள். வண்டியைத் திருப்பினாள்.

* * *

பூசையில், "அமிர்தசாமி ஆசிரியரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று சாமியார் படித்தபோது ஜான் பீட்டரின் தோள் குலுங்கியது. மதலேனம்மாள் கைகூப்பிக் கண்ணை மூடினாள். அவருக்காக வேண்டிக்கொள்வதில் அவளுக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. மாதாவே, அவருக்கு இளைப்பாற இடம் கொடு, உட்கார வை என்று வேண்டினாள். உட்கார வை என்ற வார்த்தை தானாக வந்தது. வந்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. நின்று நின்று அவரும் களைத்துத்தான் போயிருப்பார்.

ஆனால் வேண்டிக்கொள்வது வேறு. ஏற்றிக்கொண்டு போவது வேறு.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கோயில் வளாகத்தில் மந்திரிப்புக்காக வண்டிகள் வரிசையில் நின்றன. இரண்டு புது பைக், ஒரு டிராக்டர், அப்புறம் இவர்கள் வண்டி. ஸ்டிக்கர்காரரைக் கூட்டிவர ஜான் பீட்டர் ரோட்டைத் தாண்டிப் போனான். சுபா டிராக்டரைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆனி ரோஸ் மடக்குப் பலகையில் பழத்தட்டும் மெழுகுவர்த்தியும் எடுத்து வைத்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடைத்தாள் திருத்துகிறவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"அத்தை, இந்த வலப்பக்கத்துக் கட்டிலு எங்க யாருக்கும் இல்லல்ல?"

மதலேனம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"சுபாவுக்குன்னா இவ்வளவு நீளம் வேண்டியதில்ல. அவருக்குன்னா பத்தாது. தலகாணிக்கு உறை கூடப் புதுசு. உங்களுது பழசுதான் போட்டிருக்கீங்க."

"ஒரு ஆளுக்கு" என்றாள் மதலேனம்மாள்.

"யாருன்னு நான் கேக்கல." தீப்பெட்டியைத் தேடி எடுத்து, திறந்து பார்த்து, மூடினாள். "கல்யாணம் ஆகி வந்த அன்னையிலிருந்து மாமா பஸ் ஸ்டாண்டுல நின்ன கதையக் கேட்டுக்கிட்டிருக்கேன் அத்தை. உங்க நாத்தனாரு சொன்னாங்க, புஷ்பவல்லி அக்கா சொன்னாங்க, அவரு சொல்லாத நாளே இல்ல. நீங்க சொல்லித்தான் நான் கேட்டதே இல்ல."

வளாகத்தின் மரத்தடியில் யாரோ மாதா பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். மதலேனம்மாள் தலையணை உறையின் ஒரு நூலை இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

"அவரு பாவம் அத்தை" என்றாள் ஆனி ரோஸ். "இந்த ஒரு வருசமா தூக்கத்துலகூட அப்பா அப்பாங்கறாரு. எதுவா இருந்தாலும் பாத்துச் சொல்லுங்க."

அது ஆதரவா, எச்சரிக்கையா என்று மதலேனம்மாளுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பட்டது. அவனோடு வாழ்கிறவள் அவள்.

ரோட்டைத் தாண்டி இரண்டு பேர் வந்தார்கள். ஸ்டிக்கர்காரர் முருகையன் கையில் சுருட்டிய தாள், தண்ணீர் தெளிக்கிற குப்பி, ஒரு துணி. வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சார், உள்ள வூடே இருக்கே. நம்ம கடைய விட இது பெருசு." நெற்றி வியர்வையைத் துடைத்தார். "ஓனரு யாரு சார், நீங்களா?"

"எங்கம்மா."

"அப்ப அம்மா இங்க வரணும். மொத எழுத்த ஓனரு கட்டவெரலால அமுக்கணும். அப்பறம்தான் நான் கை வெப்பேன்."

"இது என்னங்க சாஸ்திரம்?" என்றான் ஜான் பீட்டர்.

"சாஸ்திரம் இல்ல சார், அடிபட்ட புத்தி. போன வருசம் ஒரு டிராக்டருக்கு அண்ணங்காரரு சொன்னாருன்னு அவரு மவன் பேர ஒட்டினேன். வண்டி தம்பி பேருல. சாயங்காலம் தம்பி வந்து, சொரண்டுய்யான்னு என் கடை வாசல்ல உக்காந்துட்டாரு. ஒவ்வொரு எழுத்தா நகத்தால சொரண்டுனேன். அண்ணந்தம்பி ரெண்டு பேரும் இப்ப ராசியாயிட்டாங்க. என் நகம்தான் இன்னும் வளரல."

டிராக்டர்காரர்கள்கூடச் சிரித்தார்கள். முருகையன் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். முன்கண்ணாடிக்கு மேலிருந்த வெள்ளைத் தகட்டில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். தாளை விரித்து, இரண்டு மூலையிலும் டேப் போட்டு நிறுத்தினார்.

அமிர்தம். சிவப்பு எழுத்து, மஞ்சள் கரை. வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதுபோலக் கொஞ்சமும் சாயாமல் நின்றது.

அதன் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. மதலேனம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. கருப்பு ஸ்டிக்கரில் வெட்டிய ஓர் ஆள். வேட்டி, சட்டை. கையில் குடை. நிற்கிறார்.

"நான்தான் வரஞ்சு குடுத்தேம்மா" என்றான் ஜான் பீட்டர். அவன் கண் நிறைந்திருந்தது. "நல்லா வந்திருக்குல்ல? அப்படியே நிக்கற மாதிரி இல்ல?"

அப்படியேதான் இருந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்கி, முகம் கொஞ்சம் நிமிர்ந்து, பஸ் வரும் திசையைப் பார்ப்பதுபோல. அன்பில்லாத கை இதை வரைந்திருக்க முடியாது. அவள் எந்த ஊருக்குப் போனாலும், எந்த ஆற்றங்கரையில் நிறுத்தி அடுப்பைப் பற்றவைத்தாலும், இவர் முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருப்பார்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. தமிழ்மாறனாகத்தான் இருக்கும். அதிர்ந்து, நின்று, மறுபடி அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. பையைத் தோளில் இன்னும் மேலே ஏற்றிக்கொண்டாள்.

டிராக்டரை மந்திரித்து முடித்த சாமியார் தீர்த்தச் செம்போடு இவர்கள் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, இந்த வண்டியா? யாரு ஓட்டறது?"

"எங்க அத்தைதான் ஃபாதர்" என்றாள் ஆனி ரோஸ்.

"நல்லது, நல்லது. பேரு வெச்சிட்டுக் கூப்பிடுங்க. மெதுவா ஆவட்டும்."

முருகையன் ஸ்டூலைவிட்டு இறங்கி, தன் துண்டால் அதன் மேல்பலகையைத் துடைத்து, அவளுக்காக நகர்த்திப் போட்டார். "ஏறுங்கம்மா. விழுந்துடாம, நான் பிடிச்சிக்கறேன். நேரா இருக்கான்னு பாத்துட்டு 'அ' மேல லேசா அமுக்குங்க. போதும்."

மதலேனம்மாள் ஏறினாள். ஒரு பக்கம் முருகையன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். மறுபக்கம் ஜான் பீட்டர். வந்து சேர்ந்த சுபா வண்டியின் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

கட்டைவிரலை எழுத்தின் மேல் வைத்தாள். வெயிலில் தாள் சுட்டது. எவ்வளவோ குழந்தைகளின் உச்சந்தலையை முதலில் தொட்ட விரல். கொஞ்சம் அழுத்தினால் போதும். கீழே மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் இவனிடம் சொல்லிவிடலாம். ஐந்து நாற்பது பஸ், சுமதி, கட்டில். சொன்னால் இவனுக்குப் புரியும். புரிந்த பிறகு, ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய அந்தச் சாயங்காலங்கள் இவனிடம் அப்படியே இருக்குமா? அது இவனுடைய அப்பா. அதில் கை வைக்க அவளுக்கு என்ன உரிமை?

அதேபோல், இது அவளுடைய வண்டி.

"அமுக்கும்மா" என்றான் ஜான் பீட்டர். "ஃபாதர் நிக்கறாரு."

அவள் விரலை எடுத்தாள். நகத்தால் ஒரு மூலை டேப்பை மெதுவாகக் கிளப்பினாள். பிறகு மறு மூலையை. எழுத்தோ, குடை பிடித்த ஆளோ எங்கும் மடங்காதபடி தாளை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு, ஸ்டூலைவிட்டு இறங்கி, மகனிடம் நீட்டினாள்.

"வூட்டுல அப்பா படத்துக்குக் கீழ ஒட்டுவோம். பத்திரமா எடுத்துட்டு வா. வண்டியில வேண்டாம்ப்பா."

முருகையன் குப்பியின் மூடியைத் திருகினார்.

"ஏம்மா?"

அந்த முகம் வந்தது. மிட்டாய் விழுந்த முகம். காலையிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்த அதே முகம், இப்போது காதோரம் நரைத்து, தாளைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரே நின்றது. அதைப் பார்க்க முடியாது என்று நினைத்திருந்தாள். பார்த்தாள். கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"வேண்டாம்ப்பா" என்றாள், அதே குரலில்.